காவிரிக் கடைமடையில் ஓர் இயற்கைப் பண்ணையின் ஆண்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் நிலம் திருவாரூர் மாவட்டத்தின் தென்கோடியில், திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில், காவிரிப் பாசனத்தின் கடைமடையில், அதாவது ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடத்தில் இருக்கிறது. களிமண் பூமி. நெல்லும் உளுந்தும்தான் முக்கியப் பயிர்கள். ரசாயன உரமும் பூச்சிமருந்தும் இல்லாமல், மண்ணின் வளம் வருஷா வருஷம் கூட வேண்டும் என்ற நினைப்போடு விவசாயம் செய்கிறோம். பண்ணையைப் பார்க்க வருபவர்களும், இந்த வழிக்குத் திரும்ப நினைக்கிற விவசாயிகளும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறோம். இவை டெல்டாவின் களிமண்ணுக்குப் பொருந்தும் பதில்கள். கரிசல் காட்டுக்கோ கொங்கு மேட்டு நிலத்துக்கோ அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

யூரியா, பூச்சிமருந்து போடாமல் இருந்தால் அது இயற்கை விவசாயம்தானே?

அது பாதிதான். யூரியாவை நிறுத்திவிட்டு, வைக்கோலைக் கொளுத்தி, சேற்றை மூன்று நான்கு முறை கலக்கி, பங்குனியிலிருந்து ஆடி வரை நிலத்தை வெயிலில் காயப்போட்டாலும் மண் செத்துத்தான் போகும். மருந்து போடவில்லை என்பது மண்ணுக்குச் செய்யும் தீங்கை நிறுத்துவது. மண்ணுக்கு நல்லது செய்வது அதற்குப் பிறகு தொடங்குகிற வேலை. நிலத்தின்மேல் எப்போதும் ஒரு போர்வை இருக்க வேண்டும், மண்ணுக்குள் எப்போதும் உயிருள்ள வேர் இருக்க வேண்டும், ஆடு மாடு வந்து போக வேண்டும், ஒரே பயிர் திரும்பத் திரும்ப வரக்கூடாது. நாங்கள் செய்கிற எல்லாமே இந்த நான்குக்குள் அடங்கும்.

நெல் இல்லாத மாதங்களில் நிலத்தை என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் நெல் நிற்கும் மாதங்கள் அமையும் என்பது எங்கள் உறுதியான நம்பிக்கை. கேள்வி கேட்கிறவர்கள் பெரும்பாலும் ஆவணியில் நட்டுத் தையில் அறுக்கும் சம்பா நெல்லைப் பற்றியே கேட்கிறார்கள். எங்களுக்குக் கோடையைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு வருஷம் உங்கள் பண்ணையில் எப்படி ஓடும்?

எங்கள் ஆண்டு தையில் தொடங்குகிறது என்று சொல்லலாம். சம்பா அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள் இருக்கும்போது, நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தைத் தெளித்துவிடுவோம். ஏக்கருக்கு 10 முதல் 12 கிலோ விதை. மண்ணில் கால் புதையாத, ஆனால் ஈரம் கையில் ஒட்டுகிற பதம் வேண்டும். நெல்லை அறுத்து எடுக்கும்போது உளுந்து இரண்டு இலை விட்டிருக்கும். அதன் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் பாய்ச்சுவதில்லை. மண்ணில் மிஞ்சிய ஈரத்திலும் மாசிப் பனியிலுமே அது வளர்ந்து பங்குனியில் காய்த்துவிடும்.

உழாமல், பாய்ச்சாமல், நிலத்தை ஒருநாள்கூட வெறுமையாக விடாமல் ஒரு பயிறு வகை எடுப்பது டெல்டாக்காரர்கள் காலங்காலமாகச் செய்துவருவது. உழவில்லா விவசாயத்தைப் பற்றி வெளியூர்க் கூட்டங்களில் புதிய கண்டுபிடிப்பு போலப் பேசும்போது, நம் ஊரில் பாட்டன் காலத்திலிருந்து இது இருக்கிறதே என்று எழுந்து சொல்லத் தோன்றும். அறுவடை இயந்திரம் வந்தபின் இந்த வழக்கம் பல ஊர்களில் குறைந்துவிட்டது. சங்கிலிச் சக்கரம் முளைத்த உளுந்தை நசுக்கிவிடும். அதனால் உளுந்து தெளித்த வயல்களை நாங்கள் கையால்தான் அறுக்கிறோம். ஆள் கிடைக்காத வருஷத்தில் இயந்திரம் விட வேண்டிய வயலுக்கு, அறுப்புக்கு மூன்று நான்கு நாள் முன்னால் மட்டும் தெளிப்போம். அப்போது விதை முளைவிடாமல் மண்ணோடு இருக்கும், சேதம் குறையும்.

உளுந்து எடுத்ததும் பங்குனி கடைசியில் ஆடு மாடுகளை இரவில் வயலில் அடைக்கும் கிடை. சித்திரையில் கோடை மழை விழுந்தால் ஓர் உழவு, உடனே பல தானிய விதைப்பு. வைகாசி, ஆனியில் அது வளரும்போது வாய்க்கால், வடிகால் வேலை, வரப்பு வேலை, விதை சேகரிப்பு. ஆடியில் அந்தப் பச்சைச் செடிகளை, அதாவது பசுந்தாளை, மண்ணுக்கு உரமாக மடக்கி உழுவோம். பதினெட்டாம் பெருக்கை ஒட்டி நாற்றங்கால். ஆவணியில் தொடங்கி புரட்டாசி முதல் பாதிக்குள் நடவு முடிய வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். வடிகாலைப் பார்த்துக்கொண்டிருப்பதே வேலை. மார்கழியில் கதிர் வெளிவரும், பால் பிடிக்கும். அப்போது வயலுக்குள் ஆள் நடமாட்டத்தையே குறைத்துவிடுவோம். திரும்பவும் தை.

கோடையில் நிலத்தைச் சும்மா விட்டால் என்ன? ஓய்வு வேண்டாமா?

வேண்டும். ஆனால் வெயிலில் வெறுமையாகக் கிடப்பது மண்ணுக்கு ஓய்வு ஆகாது. களிமண் சித்திரை, வைகாசியில் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும். வெடிப்பு வழியாக உள்ளீரமெல்லாம் ஆவியாகும். கடைமடையில் இன்னொரு கேடும் சேர்கிறது. கடல் பக்கம் என்பதால் அடிமண்ணிலும் நிலத்தடி நீரிலும் உப்பு இருக்கிறது. மேலே ஈரம் ஆவியாக ஆக, அடியிலிருந்து உப்புநீர் மேலேறும். தண்ணீர் போய்விடும், உப்பு தங்கிவிடும். கோடை முடிவில் வரப்போரம் வெள்ளையாக உப்புப் பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆடியில் வாய்க்காலில் தண்ணீர் வந்தாலும் முதல் சில நாள் தண்ணீர் வெடிப்புகளை அடைக்கவே சரியாகப் போகும். இத்தனைக்கும் காரணம், மண்ணின்மேல் நிழல் இல்லாதது.

அதனால் சித்திரையில் பல தானிய விதைப்பு. இதைத் தமிழ்நாடு முழுக்க எடுத்துச் சென்றவர் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஐயா. தானியத்தில் நான்கு, பயிறு வகையில் நான்கு, எண்ணெய் வித்தில் நான்கு, பசுந்தாளில் நான்கு, மணப்பயிரில் நான்கு என்று இருபது வகையைக் கலந்து ஏக்கருக்கு 20 முதல் 25 கிலோ விதைப்பது பொதுவான கணக்கு. சோளம், கம்பு, தினை, சாமை. உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு, துவரை. எள், ஆமணக்கு, நிலக்கடலை, சூரியகாந்தி. தக்கைப்பூண்டு, சணப்பு, கொள்ளு, நரிப்பயறு. கடுகு, வெந்தயம், கொத்தமல்லி, சோம்பு. இந்த இருபதும் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வீட்டில், அண்டை அயலில் இருக்கும் விதையைச் சேர்த்தால் போதும்.

ஏன் இத்தனை வகை என்றால், ஒவ்வொன்றின் வேரும் ஒவ்வொரு ஆழத்துக்குப் போகும். ஆமணக்கும் துவரையும் ஆழமாகத் துளைக்கும். சோளமும் கம்பும் நார்வேரால் மேல்மண்ணைப் பிடித்துக்கொள்ளும். பயிறு வகைகளின் வேர்முடிச்சு காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்து வைக்கும். வேர்களிலிருந்து கசியும் சாறும் பயிருக்குப் பயிர் வேறு. அதைத் தின்று வாழும் நுண்ணுயிர்களும் வேறு. இருபது வகைச் செடி இருந்தால் மண்ணுக்கடியிலும் பல வகை உயிர்கள் கூடும். பூக்கத் தொடங்கியபின், ஆடியில் மடக்கி உழுதுவிடுவோம்.

மழை பொய்த்த கோடையில் இருபதும் முளைக்காது. அந்த வருஷம் தக்கைப்பூண்டு மட்டும் போடுவோம், ஏக்கருக்கு 20 கிலோ. உப்பையும் தேங்கும் தண்ணீரையும் ஒருசேரத் தாங்கும் செடி அது. நன்றாக வந்தால் 45 நாளில் ஏக்கருக்கு 8 முதல் 10 டன் பச்சைத் தழை கிடைக்கும். கடைமடைக்காரர்களுக்கு அதைவிட நல்ல துணை எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை. மடக்கி உழுதபின் ஒரு வாரம் பத்து நாள் மக்க விட்டுத்தான் நட வேண்டும். அவசரப்பட்டு நட்டால் அழுகும் தழையின் சூட்டில் நாற்று மஞ்சளாகிவிடும்.

கோடைக்குப் பசுந்தாள் என்றால், சம்பாவுக்கு முந்தின போகமான குறுவை நெல் போடுவதே இல்லையா?

இல்லை. இதைத்தான் அக்கம்பக்கத்து விவசாயிகள் எங்களிடம் அதிகம் கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயமும்கூட. ஒரு போகத்தை விட்டால் அந்த வருமானமும் போகும்.

எங்கள் கணக்கு வேறு. குறுவைக்கு மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்க வேண்டும். அணையில் தண்ணீர் இருப்பதைப் பொறுத்து அந்த நாள் முன்பின் ஆகும். 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். 2024-இல் ஜூலை 28 ஆகிவிட்டது. திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரப் பல நாள் ஆகும். வரும் வரைக்கும் நாற்றைக் காப்பாற்ற ஆழ்குழாய் வேண்டும். எங்கள் பக்கம் ஆழ்குழாயில் பல இடங்களில் உப்புத் தண்ணீர். குறுவை தாமதமானால் அறுவடை ஐப்பசி மழையில் மாட்டும், அதன்பின் வரும் இரண்டாம் போக நெல்லான தாளடியும் பின்தங்கும். ஆற்றின் தலைப்பகுதியில், நல்ல நிலத்தடி நீர் உள்ள கும்பகோணம், திருவையாறு பக்கத்து விவசாயி குறுவை எடுப்பது வேறு விஷயம். கடைமடையில் அந்தப் போகத்தை மண்ணுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, சம்பாவும் உளுந்தும் நிச்சயமாக எடுப்பதே எங்களுக்குச் சரியாகப் படுகிறது.

உழலாமா, உழவே கூடாதா? இரண்டு கட்சியும் அடித்துப் பேசுகிறார்களே.

‘சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்’ என்பது நம் பழமொழி. உழுவதால் மண் கெடுகிறது என்பது இன்றைய மண்ணியல். இரண்டிலும் உண்மை இருக்கிறது. கோடை மழையில் ஒருமுறை மேலாக உழுதால் மழைநீர் உள்ளே இறங்கும், மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழு வெளியே வந்து வெயிலுக்கும் கொக்குக்கும் இரையாகும், வெடிப்பு மூடும். உழுத கையோடு விதைத்துவிட்டால் அந்தப் பலன் எல்லாம் கிடைக்கும், நிலமும் திறந்து கிடக்காது. உழுதுவிட்டு இரண்டு மாதம் அப்படியே போட்டுவைப்பதில்தான் எங்களுக்கு உடன்பாடில்லை.

மண்ணுக்குப் பெரிய அடி கோடை உழவில் விழுவதில்லை, சேற்று உழவில் விழுகிறது. இரும்புக் கூண்டுச் சக்கரம் பூட்டிய டிராக்டர் மூன்று சால், நான்கு சால் ஓடினால் மண்ணின் கட்டுமானமே குலைந்து, அடியில் இறுகிய தட்டு உண்டாகிவிடும். அதைக் குறைத்து, தழையை மடக்க ஒரு சால், பரம்படித்துச் சமன்செய்ய ஒரு சால் என்று நிறுத்தியிருக்கிறோம். தாழ்வான வயல்களில் ஆவணியில் புழுதியிலேயே நேரடி விதைப்பும் செய்கிறோம். அங்கே சேறடிக்கும் வேலையே கிடையாது. களை கூடுதலாக வரும் என்பது உண்மை. அதற்கு ஆள்கூலி ஒதுக்கித்தான் இறங்க வேண்டும்.

கிடை போடுவது என்றால் என்ன? இன்னும் நடக்கிறதா?

நடக்கிறது, நடக்கவும் வேண்டும். சம்பா, தாளடி அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம், சிவகங்கைச் சீமையிலிருந்து கீதாரிகள் என்னும் மேய்ப்பர்கள் ஆட்டு மந்தைகளையும் நாட்டு மாடுகளையும் ஓட்டிக்கொண்டு டெல்டாவுக்கு வருவார்கள். வாத்து மேய்ப்பவர்கள் தனியாக வருவார்கள். பகலில் தாளையும் புல்லையும் மேய்ந்துவிட்டு, இரவில் நாம் சொல்கிற வயலில் வலை கட்டி அடைத்துவைப்பார்கள். மறுநாள் பட்டியைப் பக்கத்து வயலுக்கு நகர்த்துவார்கள். இரவெல்லாம் விழும் புழுக்கையும் மூத்திரமும் குளம்பால் மண்ணோடு மிதிபடும். ‘ஆட்டெரு அந்தப் போகம், மாட்டெரு மறு போகம்’ என்று ஊரில் சொல்வது சரியான கணக்கு. ஆட்டுப் புழுக்கை சீக்கிரம் மட்கும், மாட்டுச் சாணம் மெதுவாகக் கொடுக்கும். இரண்டும் வேண்டும்.

எருவை வாங்கி, லாரியில் ஏற்றி, இறக்கி, இறைக்கிற செலவோடு ஒப்பிட்டால் கிடைக்கூலி சொற்பம். எங்களுக்குப் பெரிதாகப் படுவது அந்த மனிதர்களின் அறிவுதான். எந்த வயலில் எத்தனை இரவு வைக்கலாம், எந்த ஈரத்தில் மந்தையை இறக்கக்கூடாது என்று கீதாரி பார்த்தவுடன் சொல்வார். ஊர்தோறும் மேய்ச்சல் தரை சுருங்கி, கோடை முழுக்க ஆழ்குழாய்ப் பயிர் வந்துவிட்ட இடங்களில் அவர்களுக்கு வழியே இல்லாமல் போகிறது. நிலம் வைத்திருப்பவர்கள் கிடையைக் கூப்பிட்டு மரியாதையாகக் கூலி கொடுத்தால் இந்தத் தொழிலும் நிற்கும், நம் மண்ணும் நிற்கும்.

ஜீவாமிர்தம், பஞ்சகவ்யம், மீன் அமிலம் போன்ற கரைசல்கள் மட்டும் போதுமா?

இவை மண்ணில் உள்ள உயிர்களைத் தூண்டிவிடுபவை. தின்ன ஒன்றும் இல்லாத மண்ணில் எதைத் தூண்டுவது? தழையும் எருவும் வைக்கோலும் முதலில். கரைசல் அதன் பிறகு.

ஜீவாமிர்தம் ஏக்கருக்கு 200 லிட்டர் தயாரிக்க 10 கிலோ பசுஞ்சாணம், 5 முதல் 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, வரப்பிலிருந்து ஒரு கைப்பிடி மண். நிழலில் இரண்டு நாள் வைத்து, காலையும் மாலையும் கலக்கிவிட்டு, பாசனத் தண்ணீரோடு விடுவோம். சுபாஷ் பாலேக்கர் பரப்பிய முறை இது. பசுவிலிருந்து கிடைக்கும் ஐந்து பொருள்களைக் கொண்டு செய்யும் பஞ்சகவ்யத்தைப் பயிருக்கு ஏற்றபடி செம்மைப்படுத்தித் தந்தவர் கொடுமுடி மருத்துவர் நடராஜன். அதை மூன்று சதக் கரைசலாகத் தெளிக்கிறோம். மீன் அமிலத்துக்கு மீன் கழிவும் வெல்லமும் சம அளவு, மூன்று வாரம் மூடிவைக்க வேண்டும். வியாபாரிகள் பாட்டிலில் அடைத்து அதிக விலைக்கு விற்பதை வாங்காதீர்கள். எல்லாமே வீட்டில் செய்யக்கூடியவை.

எந்த நெல் ரகங்கள் போடுகிறீர்கள்?

நிலத்தைப் பார்த்துத்தான் ரகம். வெள்ளம் நின்று வடியும் பள்ள வயலுக்குக் காட்டுயானம். ஆறு மாதப் பயிர், ஆளுயரத்துக்கு மேல் வளரும். உப்பு ஏறிய வயலுக்குக் குழியடிச்சான். மேட்டு வயலில் மாப்பிள்ளைச் சம்பா, கிச்சிலிச் சம்பா, தூயமல்லி. கறுப்புக் கவுனி கொஞ்சம், வீட்டுக்கும் கேட்பவர்களுக்கும். தண்ணீர் பிந்திய வருஷத்துக்கு என்று மூன்று மாதத்துக்குள் முடிகிற பூங்கார் விதையைக் கைவசம் வைத்திருக்கிறோம்.

பழைய சம்பா ரகங்களில் பலவற்றுக்குப் பகல் குறையும்போதுதான் பூக்கிற குணம் உண்டு. பத்து நாள் முன்னால் விதைத்தாலும் பின்னால் விதைத்தாலும் கதிர் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வரும், மழை ஓய்ந்தபின் தையில் அறுப்புக்கு வரும். இந்தப் பருவத்துக்கும் இந்த ஆற்றுக்கும் ஏற்ப நம் முன்னோர் தேர்ந்து தேர்ந்து உருவாக்கிய குணம் அது.

திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாக்கள் இல்லையென்றால் இந்த விதைகளில் பல எங்கள் கைக்கு வந்திருக்காது. 170-க்கும் மேற்பட்ட ரகங்களைத் தேடி மீட்டார். 2018 டிசம்பரில், கஜா புயல் அடித்த அடுத்த மாதமே, அவர் காலமானார். அவர் தேடிச் சேர்த்த விதைகள் இன்று எத்தனையோ ஊர்களின் பத்தாயங்களில் இருக்கின்றன.

உயர ரகங்கள் சாய்ந்துவிடாதா?

தழைச்சத்து அதிகமானால் சாயும். பசுந்தாள் மடக்கிய வயலில் மேற்கொண்டு எரு போடாமல் இருப்பது, ஒற்றை நாற்றாக இடைவெளி விட்டு நடுவது, கதிர் முற்றும் சமயம் தண்ணீரை வடிப்பது, இந்த மூன்றும் பெரும்பாலும் காப்பாற்றும். ஒற்றை நாற்று முறையில் ஏக்கருக்கு மூன்று கிலோ விதைதான் செலவாகும்; தூர் கட்டித் தண்டு தடிக்கும். அப்படியும் மார்கழியில் ஒரு பேய்க்காற்று வந்தால் சாய்ந்தது சாய்ந்ததுதான். நாலைந்து தூராகச் சேர்த்துக் கட்டித் தூக்கிவிடுவோம்.

பூச்சி வந்தால் என்ன செய்வீர்கள்?

முதலில் வயலில் இறங்கிப் பார்ப்போம். இலைச்சுருட்டுப்புழு பத்து இலையில் இருந்தால் அதே வயலில் சிலந்தி எத்தனை, தட்டான் எத்தனை, பொறிவண்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மருந்தை நிறுத்திய முதல் இரண்டு வருஷம் பூச்சி கூடுதலாகத்தான் தெரியும். தின்னும் பூச்சி சீக்கிரம் பெருகும், அதைப் பிடித்துத் தின்பது மெதுவாகத்தான் வந்து சேரும். அந்த இடைவெளியில் பொறுமை இழந்து மறுபடி மருந்து டப்பாவைத் தூக்கியவர்கள் பலர். அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை, கடனோடு விவசாயம் செய்கிறவருக்கு அந்தப் பொறுமை எளிதல்ல.

வயலுக்குள் பறவைத் தாங்கி நட்டுவைத்தால் கரிச்சான் வந்து உட்காரும், பகலெல்லாம் அந்துப்பூச்சியைப் பிடிக்கும். இரவில் அதே குச்சியில் ஆந்தை உட்கார்ந்து எலி பிடிக்கும். எலி மிஞ்சினால் தஞ்சாவூர்க் கிட்டி என்னும் எலிப்பொறி வைப்போம். வரப்பில் உளுந்தும் தட்டைப்பயறும் போட்டால் நன்மை செய்யும் பூச்சிகளுக்கு இருப்பிடம் கிடைக்கும். அடித்தூரில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சிக்கு மட்டும் விழிப்பாக இருக்க வேண்டும்: எட்டடிக்கு ஓரடி நடாமல் பட்டம் விட்டிருந்தால் அடித்தூரில் காற்றும் வெளிச்சமும் போகும். அறிகுறி தெரிந்ததும் தண்ணீரை வடித்துவிட வேண்டும்.

கடைசியாகத்தான் பூச்சிவிரட்டி. ஆடு மாடு தின்னாதது, ஒடித்தால் பால் வருவது, கசப்பானது, நாற்றமடிப்பது என்று இலைகளைத் தேர்ந்து கோமியத்தில் ஊறவைப்பது. நொச்சி, வேம்பு, எருக்கு, ஆடாதோடை, ஊமத்தை. எங்கள் வாய்க்கால் கரையெங்கும் மண்டிக்கிடக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கையும் இதில் சேர்த்துவிடுகிறோம்.

வெள்ளம் வந்தால்?

எங்கள் பக்கம் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழையில் கொட்டுகிறது. அதுவும் சில நாள்களில். மேலே பெய்யும் மழையும் வடிந்து எங்கள் வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். ஆகவே கடைமடையில் பாசன வாய்க்காலைவிட வடிகால் முக்கியம். ஆனியில் ஊர் கூடி வடிகாலைத் தூர்வாருவதுதான் ஐப்பசிக்கான காப்பீடு. ஒருவர் மட்டும் தன் வயலோரத்தைச் சுத்தம் செய்து பயனில்லை. கீழே ஆகாயத்தாமரை அடைத்திருந்தால் எல்லோர் வயலும் முழுகும். வாரிய ஆகாயத்தாமரையைக் கரையில் காயவிட்டு எருக்குழிக்குக் கொண்டுவருகிறோம்.

நடவு புரட்டாசி பாதிக்குள் முடிந்திருந்தால் பயிர் உயர்ந்து தலை வெளியே நிற்கும். மண்ணில் மட்குச் சேரச் சேர, வடிந்தபின் பயிர் தெளிவதும் விரைவாகிறது. வெள்ளத்தில் இயற்கை வயலுக்கு ஒன்றும் ஆகாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பத்து நாள் தலைக்கு மேல் நின்றால் எந்தப் பயிரும் அழுகும்.

நெல் வயலிலிருந்து பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு வருகிறதே, அதற்கு என்ன செய்கிறீர்கள்?

நல்ல கேள்வி. தண்ணீர் எப்போதும் தேங்கி நிற்கும் சேற்றில், காற்றில்லாத நிலையில் தழை மட்கும்போது மீத்தேன் உண்டாகிறது. இயற்கை வயலில் தழை அதிகம் என்பதால் நாங்கள் இதைக் கூடுதலாகவே கவனிக்க வேண்டும். காய்ச்சலும் பாய்ச்சலும் முறைதான் வழி: கட்டிய தண்ணீர் வற்றி, மண்ணில் மயிரிழை வெடிப்புத் தோன்றியபின் அடுத்த தண்ணீர். வேருக்குக் காற்று கிடைக்கும், தூர் கட்டும், தண்ணீரும் மிச்சம். ஆவணி, புரட்டாசியில் இதைச் செய்ய முடிகிறது. கார்த்திகையில் தண்ணீர் நம் சொல்லைக் கேட்காது.

வைக்கோலை என்ன செய்கிறீர்கள்?

பாதி மாட்டுக்கு, மீதி மண்ணுக்கு. கொளுத்துவதே இல்லை. மாட்டுக்குப் போனதும் சாணமாகத் திரும்பி வந்துவிடும். பழைய ரகங்களின் வைக்கோல் நீளம், மாடுகள் விரும்பித் தின்னும். போர் போட்டு வைத்தால் கோடை முழுக்கத் தாங்கும்.

மகசூல் எவ்வளவு? கட்டுப்படியாகிறதா?

பாரம்பரிய ரகங்களில் ஏக்கருக்கு, அதாவது மூன்று மா நிலத்துக்கு, 60 கிலோ மூட்டையாக 15 முதல் 20 மூட்டை எதிர்பார்க்கலாம். ரசாயன முறையில் புதிய ரகம் போட்டவர் 30-க்கு மேல் எடுப்பார். இந்த வித்தியாசத்தை மறைத்துப் பேசுவது ஏமாற்று வேலை. எங்கள் பக்கம் சாதகமாக இருப்பவை மூன்று: உரம், மருந்துச் செலவு இல்லை, உளுந்தும் வைக்கோலும் தனி வருமானம், நெல்லாக விற்காமல் அரிசியாக விற்கிறோம். அரசுக் கொள்முதல் நிலையத்தில் இயற்கை நெல்லுக்கென்று தனி விலை கிடையாது. தூற்றி, காயவைத்து, சிறிய ஆலையில் தவிடு நீங்காமல் அரைத்து, வீடுகளுக்கு நேரடியாக அனுப்பினால்தான் கட்டும். ஒரு மூட்டை நெல் ஏறக்குறைய 36 முதல் 40 கிலோ அரிசியாகும். விற்கத் தெரியாமல் பாரம்பரிய நெல்லில் மொத்த நிலத்தையும் இறக்க வேண்டாம் என்பதே புதியவர்களுக்கு நாங்கள் சொல்வது.

மாறுவதற்கு எவ்வளவு காலம்? எங்கே தொடங்குவது?

ஒரு மாவில் தொடங்குங்கள். வீட்டுக்குச் சாப்பிடும் நெல்லை அதில் போடுங்கள். சித்திரையில் ஆரம்பியுங்கள், நடவுக்கு முந்தின வாரம் ‘இந்த வருஷம் இயற்கை’ என்று முடிவு செய்வது பலிக்காது. தக்கைப்பூண்டு விதை வேளாண்மை விரிவாக்க மையத்தில் மானியத்தில் கிடைக்கிற வருஷங்கள் உண்டு, கேட்டுப் பாருங்கள். மூன்று வருஷம் தொடர்ந்தால் மண்ணின் நிறமும் மிருதுவும் மாறுவது தெரியும்.

ஆனால் மண் பரிசோதனை அட்டையில் அங்ககக் கரிமம், அதாவது மட்கின் அளவைக் காட்டும் எண், ஏறுவது மெதுவாகத்தான் இருக்கும். நம் வெப்பத்தில் மட்கு வேகமாகக் கரையும். போட்டுக்கொண்டே இருந்தால்தான் நிலைக்கும். அட்டையைவிட வயலில் வந்து சேரும் உயிர்களைப் பாருங்கள். நத்தையும் கெண்டையும் கெளுத்தியும் திரும்பும், அவற்றைத் தேடி நாரையும் மீன்கொத்தியும் வரும். நண்டும் வரும், வரப்பில் வளை போட்டுத் தண்ணீரை ஒழுகவிடும். காலையில் மண்வெட்டியோடு வரப்பைச் சுற்றிவந்து அடைக்கும் வேலை கூடும்.

பக்கத்து வயலில் மருந்து அடிக்கிறார்களே?

நடுவில் ஒரு வரப்பை அகலமாக விட்டு, நொச்சி, பூவரசு, கிளுவை என்று உயிர்வேலி வைத்திருக்கிறோம். கிளையைக் கழித்தால் தழை எருவும் ஆகிறது. அவர் வயல் வழியாகத் தண்ணீர் பாய வேண்டியிருந்தால், மருந்து அடிக்கும் நாளை முன்கூட்டிச் சொல்லச் சொல்லி அன்று மடையை அடைத்துவிடுவோம். கேட்டால் சொல்கிறார்கள். நல்ல உறவு இல்லாமல் எந்த வேலியும் காக்காது.

சான்று வாங்கியிருக்கிறீர்களா? அவசியமா?

பக்கத்து விவசாயிகளோடு குழுவாகச் சேர்ந்து, ஒருவர் நிலத்தை ஒருவர் பார்த்து உறுதி சொல்லும் பங்கேற்பு உத்தரவாத முறையில் இருக்கிறோம். செலவு குறைவு. வெளிநாட்டுக்கு அனுப்ப நினைப்பவர்கள் விதைச்சான்று மற்றும் அங்ககச்சான்றுத் துறை போன்ற அங்கீகாரம் பெற்ற சான்று அமைப்பில் பதிவு செய்ய வேண்டும். பருவப் பயிருக்கு இரண்டு வருஷமும் தென்னை, மா போன்ற நீண்டகாலப் பயிருக்கு மூன்று வருஷமும் மாறும் காலமாகக் கொள்வார்கள். நேராக வந்து பார்த்து வாங்குகிறவர்களுக்கு மட்டும் விற்பதானால் சான்று கட்டாயம் என்று நாங்கள் நினைக்கவில்லை.

எப்போது வந்து பார்க்கலாம்?

எல்லோரும் தையில் வருகிறார்கள். அறுவடையும் பொங்கலும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். இந்த விவசாயத்தைக் கற்றுக்கொள்ள வருபவர்கள் ஆனியில் வாருங்கள். ஊரெல்லாம் காய்ந்து கிடக்கும்போது எங்கள் வயலில் இடுப்பளவு பச்சை நிற்கும். அதற்குள் இறங்கி, ஒரு கை மண்ணைத் தோண்டி முகர்ந்துவிட்டு, வரப்புக்கு அந்தப் பக்கம் வெடித்த மண்ணையும் தோண்டிப் பாருங்கள். மார்கழியில் மட்டும் கூட்டமாக வர வேண்டாம், பூக்கிற சமயம்.

விதை நெல் கிடைக்குமா?

கிடைக்கும், விலைக்கு இல்லை. நெல் ஜெயராமன் கடைப்பிடித்த முறைதான்: இரண்டு கிலோ கொண்டுபோய் விதைத்து, அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பிக் கொடுங்கள். எங்களிடமே கொடுக்க வேண்டும் என்பதில்லை, உங்கள் ஊரில் கேட்கிற இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டுத் தகவல் சொன்னாலும் சரி. வாங்கிப் போகும் விதையைத் தனி வயலில் விதையுங்கள், கலப்பன் தூர்களை, அதாவது வேறு ரகமாகத் தெரிபவற்றை, பூக்கும் முன்பே பிடுங்கிவிடுங்கள். அறுத்தபின் நன்றாகக் காயவைத்து, நொச்சி இலையோடு கோணியில் கட்டி வையுங்கள். ஆடிக்கு முன்னால் நூறு விதையை ஈரத்துணியில் கட்டி முளைப்புப் பார்த்து, எண்பதுக்குக் குறைந்தால் எங்களுக்குச் சொல்லுங்கள். வேறு விதை தருகிறோம்.